எழுத்தாளர் விழாவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: ஆவணம், செலவு, நேரம், அப்புறம் எழுத்து

எழுத்தாளர் விழாவுக்குப் போய் வருபவர்கள் பை நிறையப் புத்தகமும் கைபேசி நிறையப் படமும் நான்கைந்து கையெழுத்தும் கொண்டு வருவார்கள். எழுதியது மட்டும் ஒரு பக்கம்கூட இருக்காது. வாசகராகப் போனால் அதில் குறை ஒன்றும் இல்லை. எழுதுகிறவராகப் போய், கையில் இருக்கும் கதைக்கோ கவிதைக்கோ ஏதாவது தேற்றிக்கொண்டு வர வேண்டும் என்றால் ஏற்பாடே வேறு. அதை யாரும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை. டிக்கெட் விவரம் விழா அறிவிப்பில் இருக்கும், எழுத்துப் பட்டறைக்கான சொல் வரம்பு படிவத்தில் இருக்கும். மற்றதெல்லாம் நாமே முட்டி மோதித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் முட்டிய இடங்களை வரிசையாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் கேட்பதைவிட, இரண்டு அமர்வுகளுக்கு நடுவே சக எழுத்தாளர்களோடு உட்காரும் நேரம்தான் எழுத்துக்கு உதவுகிறது. அந்த நேரம் தானாகக் கிடைக்காது. பணம், தேதி, தங்குமிடம் எல்லாவற்றையும் அதை மிச்சம் பிடிக்கும் விதமாகத்தான் திட்டமிட வேண்டும்.

1. எந்த மாதிரி விழா என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் விழா என்றுதான் சொல்கிறோம். உள்ளே போனால் மூன்று வகை. முதல் வகை மேடையை மையமாகக் கொண்டது: வேல்ஸில் 1988 முதல் நடக்கும் ஹே விழா, ஜெய்ப்பூர் இலக்கிய விழா போன்றவை. பெரிய கூட்டம், பெரிய பெயர்கள், ஒரே நேரத்தில் பல அரங்குகள். இரண்டாவது, மேடையோடு சிறு பட்டறைகளையும் நடத்துவது. பாலித் தீவில் 2004இல் தொடங்கிய உபுத் விழா இந்த வகை. மூன்றாவது, விண்ணப்பித்துத் தேர்வானால் மட்டுமே போக முடிகிற எழுத்தாளர் மாநாடு. அமெரிக்காவில் 1926 முதல் நடக்கும் பிரெட் லோஃப் அப்படிப்பட்டது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகை. முதல் வகையில் கூட்டத்தில் கரைந்துபோவீர்கள். மூன்றாவதற்கு ஓரளவு தேறிய கைப்பிரதி வேண்டும். பெயர் பெற்ற விழாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நான்கு அரங்குகள் இருக்கும் விழாவைவிட ஒரே அரங்கு இருக்கும் சிறு விழாவில் ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள், பேச்சும் தானாக வளரும்.

2. நாட்காட்டியைப் பின்னோக்கி எழுதுங்கள்

விழாத் தேதியைக் கடைசி வரியில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேலே போங்கள். பட்டறை விண்ணப்பம் பொதுவாக ஆறேழு மாதம் முன்பே திறந்துவிடும். உதவித்தொகைக்கான கடைசித் தேதி பெரும்பாலும் பொது விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே வந்துவிடும். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். முழு நிகழ்ச்சி நிரல் விழாவுக்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியாகும். அது வரட்டும் என்று காத்திருந்தால் பட்டறை இடமும் போய்விடும், அருகில் இருக்கும் அறையும் போய்விடும்.

ஒரு நாள் முன்னதாகப் போய், ஒரு நாள் பின்னதாகக் கிளம்புங்கள். முன்னதாகப் போகும் நாள் களைப்பைத் தீர்க்கவும் அரங்குகளுக்கு வழி தெரிந்துகொள்ளவும். பின்னால் இருக்கும் நாள் எழுத. விழா முடிந்த மறுநாள் ஊரே காலியாகிவிடும், தலை மட்டும் நிறைந்திருக்கும். என்னைக் கேட்டால், விழாவின் மிக முக்கியமான நாள் அதுதான்.

3. ஆவணங்கள்

இதில் நிறையப் பேர் சறுக்குவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தன்குறிப்பு: ஐம்பது சொல்லில் ஒன்று, நூறு சொல்லில் ஒன்று என்று இரண்டை எப்போதும் தயாராக வைத்திருங்கள். படர்க்கையில் எழுத வேண்டும். ‘சிறுவயது முதலே எழுத்தில் தீராத ஆர்வம்’ என்ற வரியை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். நூல் வந்திருந்தால் நூல், இல்லையென்றால் இதழ், அதுவும் இல்லையென்றால் இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரி. அது போதும்.

மாதிரிப் படைப்பு: நாவலின் முதல் அத்தியாயத்தை அப்படியே அனுப்புவது வழக்கம். ஆனால் முதல் அத்தியாயம் பெரும்பாலும் கதை தொண்டையைச் செருமிக்கொள்ளும் இடம். தேர்வாளர் கையில் கட்டுக்கட்டாகப் பிரதிகள் இருக்கும். தனியே எடுத்துப் படித்தாலும் நிற்கிற ஒரு பகுதியைக் கொடுங்கள். இரட்டை வரி இடைவெளி, பக்க எண், கேட்ட சொல் வரம்பு இவற்றை அப்படியே பின்பற்றுங்கள். பெயர் இல்லாமல் அனுப்பச் சொல்லியிருந்தால் முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் பெயரிலும் கோப்பின் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற இடத்திலும் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். அதையும் நீக்க வேண்டும்.

தமிழ்க் கோப்பு: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள். பிறகு எழுத்துருவை உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்கி, வேறு ஒருவரின் கைபேசியில் திறந்து பாருங்கள். அப்படிச் செய்யாவிட்டால், உங்கள் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த ‘கொ’ அங்கே கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் புள்ளிவட்டத்தோடு தெரியலாம். கவிதை என்றால் வரி உடையும் இடமும் மாறியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பு: ஆங்கிலத்தில் மாதிரி கேட்டால் சொல் வரம்பைக் கவனியுங்கள். நம் வேற்றுமை உருபும் துணைவினையும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாகிவிடும் என்பதால் எண்ணிக்கை நன்றாகவே கூடும். தமிழிலேயே வரம்பை நிரப்பிவிட்டால் மொழிபெயர்ப்பில் கடைசிப் பகுதியை வெட்ட வேண்டிவரும். மொழிபெயர்த்தவரிடம் அனுமதி வாங்கி, அவர் பெயரைப் படிவத்தில் எழுதுங்கள்.

நோக்க அறிக்கை: ‘என் எழுத்தை மேம்படுத்திக்கொள்ள’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். உங்கள் பிரதியில் எது நகரவில்லை என்று எழுதுங்கள். ‘கதையைச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதை வாசகருக்கு எந்த இடத்தில் தெரியவைப்பது என்று தீர்மானிக்க முடியவில்லை’ என்பது போல ஒரு வரி இருந்தால் பட்டறை நடத்துபவருக்கு உங்களை எங்கே உட்கார வைக்கலாம் என்று தெரியும்.

வெளிநாட்டு விழா என்றால்: கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி மிச்சம் இருக்கட்டும், பல நாடுகள் கேட்பது அதுதான். பார்வையாளராகப் போவது வேறு, மேடையில் வாசித்து மதிப்பூதியம் பெறுவது வேறு. விசா வகை மாறலாம். அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். டிக்கெட் ரசீது அழைப்புக் கடிதம் ஆகாது. அழைப்பிலோ பட்டறை ஏற்புக் கடிதத்திலோ கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், தேதிகள், இடம், எந்தச் செலவு யாருடையது என்ற நான்கும் இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவாக இருந்தால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும், மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் பதிவேற்றி முடித்ததும் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ஒரு விழாவின் இணையப் படிவம் என் கோப்பை ஏற்றுக்கொண்டதாகப் பச்சைக் குறி காட்டியது. மின்னஞ்சல் வரவில்லையே என்று எழுதிக் கேட்டால், எதுவுமே வந்துசேரவில்லை என்று பதில். திரைப்பிடிப்பு இருந்ததால்தான் கடைசித் தேதிக்குப் பிறகும் வாங்கிக்கொண்டார்கள்.

4. செலவு

பெரும்பங்கைப் பயணமும் தங்குமிடமும் தின்றுவிடும், டிக்கெட் சிறு பங்குதான். அதனால் சேமிக்க வேண்டிய இடமும் அங்கேதான் என்று தொலைவில் மலிவான அறை பிடிப்பார்கள். வேண்டாம். அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதைப் பிடியுங்கள், அறையைப் பகிர்ந்துகொண்டாலும் பரவாயில்லை. தொலைவில் தங்கினால் நடுநேரம் முழுக்க வண்டியில் போய்விடும். முடிவு தெரியும் முன்பே அறை பிடிப்பதாக இருந்தால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள்.

முழு நுழைவுச்சீட்டா, தனித்தனி அமர்வுச் சீட்டா? நாளுக்கு இரண்டு அமர்வு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் தனிச்சீட்டே மலிவாக வரும். முழுச்சீட்டு கையில் இருந்தால் ‘காசு கொடுத்தாகிவிட்டதே’ என்று எல்லாவற்றுக்கும் போய் உட்காரத் தோன்றும் என்பது இன்னொரு தொல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் எழுத்தாளர் வாரம் போலப் பூங்காவில், அமர்வுகளுக்குக் கட்டணம் இல்லாமல் நடப்பவையும் உண்டு. அங்கே இந்தக் கவலை இல்லை, நிழலான இடம் பிடிக்கும் கவலைதான்.

உங்கள் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்லும் கைப்பிரதி ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். பிரதி முடிந்திருந்தால் மட்டும் கட்டுங்கள். பாதியில் நிற்கும் பிரதிக்கு அந்தப் பணம் வீண். அதற்கு வேண்டியது சக எழுத்தாளர்தான்.

தன்னார்வலராகச் சேர்ந்தால் நுழைவு இலவசம். ஆனால் உங்கள் பணிநேரம் நீங்கள் கேட்க நினைத்த அமர்வு நடக்கும்போதே வரும். முதல் விழாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

5. யாரோடு போவது

தனியாகப் போனால் கூச்சம் தின்றுவிடும். பத்துப் பேராகப் போனால் அங்கேயும் நம் வீட்டுப் பேச்சுதான் ஓடும். மூன்று அல்லது நான்கு பேர் சரியாக இருக்கும். எல்லோரும் எழுதுகிறவர்களாக இருக்க வேண்டும். நால்வரும் சிறுகதை என்று இல்லாமல் ஒருவர் கவிதை, ஒருவர் கட்டுரை, ஒருவர் மொழிபெயர்ப்பு என்று கலந்திருந்தால் நல்லது. கூடவே வருபவர் எழுதாதவர் என்றால், அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடும். கிளம்பும் முன்பே ஒன்று பேசிவையுங்கள்: பகலில் ஒன்றாகச் சுற்றக் கூடாது. நால்வரும் ஒரே அமர்வில் உட்கார்ந்தால் மாலையில் பேச என்ன இருக்கும்?

தனியாகத்தான் போக முடிகிறது என்றால் முதல் நாளே நடக்கும் பட்டறையாகப் பார்த்து விண்ணப்பியுங்கள். கையெழுத்து வாங்க நிற்கும் வரிசையும் நல்ல இடம். பக்கத்தில் நிற்பவரிடம் ‘என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க?’ என்று கேளுங்கள். ‘நீங்க எழுத்தாளரா?’ என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

6. அரைகுறையாக நிற்கும் ஒன்றை எடுத்துப் போங்கள்

புதிதாக ஏதாவது தோன்றும் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். விழாவில் ஆயிரம் விஷயம் காதில் விழும். எது நமக்கு வேண்டியது என்று பிரித்தெடுக்க ஒரு சிக்கல் ஏற்கெனவே மனதில் இருக்க வேண்டும். பாதியில் நின்ற பிரதி ஒன்று, அச்செடுத்து, பத்துப் பக்கத்துக்கு மிகாமல். அதன் மேல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி.

குறிப்பேடு சட்டைப்பையில் அடங்கும் அளவு போதும். வலப்பக்கம் கேட்டது, இடப்பக்கம் அதைக் கேட்டபோது உங்கள் கதையில் தட்டியது. பேச்சாளர் சொன்னதையெல்லாம் எழுதாதீர்கள், பல விழாக்களில் ஒலிப்பதிவு பின்னால் வெளிவந்துவிடும். ஒரு நாள் முடிவில் இடப்பக்கம் காலியாக இருந்தால் மறுநாள் அமர்வைக் குறையுங்கள்.

7. நாளுக்கு இரண்டு அமர்வு

ஒன்று நீங்கள் எழுதும் வகை சார்ந்தது. மற்றது அதற்குச் சம்பந்தமே இல்லாதது. பறவை ஆய்வாளர், நீதிபதி, நிலவரைபடம் போடுபவர் என்று யாரையாவது பேசவைத்திருப்பார்கள், கூட்டமும் குறைவாக இருக்கும். அவர்கள் வாயிலிருந்து விழும் தொழில் சொற்களும் வேலைமுறையும் கதைக்கு நேராக வந்து ஒட்டும். பிரபல நாவலாசிரியரின் அமர்வில் அவருடைய புத்தகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், அதை வீட்டிலேயே படிக்கலாம்.

அரங்கில் ஓரத்து இருக்கையைப் பிடியுங்கள். ஏதாவது தோன்றினால் சட்டென்று எழுந்து வெளியே போய் எழுத வேண்டும். பாதியில் எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். கேள்வி கேட்பதாக இருந்தால் ஒரே வாக்கியம், கடைசியில் கேள்விக்குறியோடு.

8. கூடி உட்காரும் நேரம்

விழாவுக்குப் போவதே இதற்காகத்தான்.

காலையில், அமர்வுகள் தொடங்கும் முன் நாற்பது நிமிடம் எல்லோரும் ஒரே மேசையில் எழுதுங்கள். பேச்சு இல்லை, கைபேசி இல்லை, எழுதியதைக் காட்ட வேண்டியதும் இல்லை. எதிரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் நாமும் எழுதுவோம். இதற்கு மேல் அதில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது.

மாலையில் வாசிப்பு. ஆளுக்கு ஐந்து நிமிடம், தமிழில் 400 முதல் 500 சொல் வரை. வாசித்து முடித்ததும் என்ன பேசுவது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் உடைகின்றன. ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள், அல்லது அடித்துத் துவைத்துவிடுவார்கள். லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990இல் உருவாக்கிய முறை எழுத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. முதலில், கேட்டவர்கள் தங்களுக்கு எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவது, கேட்டவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது தீர்ப்பு. ‘இந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் கடக்கிறது?’ என்பது கேள்வி. கடைசியாக, ‘இந்த முடிவைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?’ என்று அனுமதி கேட்டுச் சொல்ல வேண்டும். எழுதியவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது படிதான் தங்கம். அண்ணன் தம்பி இருவரும் பூர்வீக வீட்டை விற்கும் ஒரு கதையை அரங்கின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தேன். நெடுநாளாக நகராத கதை. இருவரும் பத்திரத்தில் கையெழுத்திடும் காட்சிக்குப் பிறகு என்ன என்றே தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மூத்த கவிஞர் ஒருவர், ‘அந்த வீட்டுச் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?’ என்றார். எனக்குத் தெரியவில்லை. கதையில் சாவியே இல்லை. வாங்கியவரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, கொல்லைக் கதவுச் சாவியை மட்டும் தம்பி இடுப்பில் முடிந்துகொண்டு போகிறான் என்று அன்றிரவே எழுதினேன். அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. கேட்டதோடு சரி.

எழுதவே வரவில்லை என்கிற நாளுக்கு இரண்டு விளையாட்டு. ஒன்று அந்தாதி: ஒருவர் நான்கு வரி எழுதுவார், அதன் கடைசிச் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். உரைநடையிலும் செய்யலாம். மற்றது ஈற்றடி: அன்று அமர்வில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை ஒருவர் கொடுப்பார், எல்லோரும் அதில் போய் முடிகிற மாதிரி பதினைந்து நிமிடத்தில் ஒரு பத்தி எழுத வேண்டும். முடிவு கையில் இருப்பதால் தொடக்கத்தின் பயம் போய்விடும். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்த புலவர்களுக்கு இது தெரிந்துதான் இருந்திருக்கும்.

9. பொறிகள்

‘சர்வதேச இலக்கிய விழாவுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் செலுத்துங்கள்’ என்று நீங்கள் விண்ணப்பிக்காத இடத்திலிருந்து அஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். விழா வளாகத்தில் ‘உங்கள் கதையைத் தொகுப்பில் சேர்க்கிறோம், பங்களிப்புத் தொகை மட்டும்’ என்பவர்களும் அதே இனம். ஒப்பந்தம் எதிலும் அங்கேயே கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன் என்றால் நேர்மையான பதிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

யோசனையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் எல்லாப் புதியவருக்கும் உண்டு. பதிப்புரிமை எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான், வெறும் யோசனைக்கு இல்லை. அதே சமயம் ஒரே யோசனையை இருவர் எழுதினால் இரண்டு கதைதான் வரும். இதைவிடக் கவனிக்க வேண்டியது மறுபக்கம்: இரவு பேச்சில் ஒருவர் தன் குடும்பக் கதையைச் சொன்னால் அது அவருடையது. எழுத ஆசை என்றால் அப்போதே கேளுங்கள்.

பிரபலங்களிடம் கைப்பிரதியை நீட்டாதீர்கள். அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் படிக்க மாட்டார்கள்.

10. திரும்பி வந்தபின்

இரண்டு நாளுக்குள் குறிப்பேட்டின் இடப்பக்கங்களைத் தட்டச்சு செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. ‘பாலம், மஞ்சள், கேட்கணும்’ என்று இருக்கும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது. சந்தித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டு வரி எழுதுங்கள். என்ன பேசினீர்கள் என்பதை அதில் ஒரு வரியில் நினைவூட்டுங்கள், வெறும் ‘சந்தித்ததில் மகிழ்ச்சி’க்குப் பதில் வராது.

குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு மாதம் கழித்து ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்: அன்று திருத்திய பிரதியை ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும், முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும். அந்தத் தேதியைப் பிரிவதற்கு முன், எல்லோரும் நேரில் இருக்கும்போதே குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் வாட்ஸாப்பில் குறிக்கலாம் என்றால், ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.